புதுப்பிப்பு: மங்கலான இரண்டாவது கோடு, விடை கிடைத்துவிட்டது

தள்ளிப்போன மாதவிடாய், கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இரண்டாவது கோடு, கூடவே லேசான ரத்தக்கசிவு. இது கர்ப்பமா, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) வேலையா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கர்ப்பம்தான்.

கைகொடுத்தது, "இரண்டு நாள் விட்டு, காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள்" என்று ஒரு அக்கா சொன்ன யோசனை. கர்ப்பத்தில் சுரக்கும், இந்த அட்டை கண்டுபிடிக்கும் ஹெச்சிஜி ஹார்மோன் ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகுமாம். இந்த முறை கோடு பளிச்சென்று விழுந்தது. அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள். காய்ந்தபின் தெரியும் சாம்பல் கோட்டை நம்ப வேண்டாம். அப்புறம் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனையும் உறுதி செய்தது.

எதிர்பாராதது, வாந்தியே இல்லை. ஆனால் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தாலே அடுக்களையை விட்டு ஓடுகிறேன். வாயில் எந்நேரமும் காசைச் சப்பியது போல ஒரு ருசி. வாந்தி இல்லாத மசக்கையா என்று மாமியாருக்கு இன்னும் சந்தேகம்தான்!

ரத்தக்கசிவு பற்றி: கரு பதியும் சமயத்தில் சிலருக்கு இப்படி லேசாகப் படுமாம். ஆனாலும் டாக்டர் ஸ்கேன் பார்த்து, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார். கசிவோடு ஒரு பக்க அடிவயிற்று வலியோ மயக்கமோ இருந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இப்போது தினமும் ஃபோலிக் அமில மாத்திரை. கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி (தமிழக அரசின் கர்ப்பிணிகள் பதிவு) பதிவும் முடிந்தது.