இடது இண்டிகேட்டர் படபடக்கிறது, உதவுங்கள்

அப்பா வைத்துவிட்டுப் போன 1996ஆம் ஆண்டு கார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் பாதிச் சக்கரம் மூழ்க இரண்டு நாள் நின்றது. அதிலிருந்தே இந்தத் தொல்லை.

வலது இண்டிகேட்டர் ஒழுங்காக விட்டுவிட்டு எரிகிறது. இடதோ படபடவென்று அடித்துக்கொள்கிறது. பின்பக்க விளக்கு அழுது வடிகிறது. இரவில் பார்க்கிங் விளக்கைப் போட்டால் இன்னும் வேடிக்கை: இண்டிகேட்டரோடு சேர்ந்து அந்தப் பக்கத்துச் சிவப்பு விளக்கும் கண்ணடிக்கிறது!

மெக்கானிக், இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் 'ஃப்ளாஷர் ரிலே'தான் கோளாறு என்றார். புதுப்பேட்டையில் வாங்கி மாற்றினேன், பயனில்லை. ரிலே இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதானே, வலது எப்படிச் சரியாக எரியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். 21 வாட் பல்பும் புதிது. பல்பைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால், எரிய வேண்டிய நொடிகளில் 12 வோல்ட் காட்டுகிறது. மாட்டியதும் 5ஐத் தாண்டவில்லை.

விளக்கிலிருந்து மின்சாரம் பாடி வழியாகத் திரும்பிப் போக உதவும் எர்த் வயர் துருப்பிடித்திருக்கும் என்பது என் சந்தேகம். டிக்கியில் கம்பளத்துக்கு அடியில் தேடியும் அது பாடியில் சேரும் இடம் அகப்படவில்லை. பழைய வண்டிகளில் பொதுவாக எங்கே இருக்கும்? ஹோல்டரிலிருந்து புதிதாக ஒரு வயர் இழுத்துப் பாடியில் முடுக்கிவிடலாமா? வேளச்சேரி பக்கம் பொறுமையாக வயரைச் சோதிக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்.