அப்பாவின் புத்தகங்களைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தோம்: உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

கும்பகோணம் வாசகி:

அப்பா தமிழாசிரியராக இருந்தவர். அவர் காலமான பிறகு கும்பகோணம் வீட்டை விற்க வேண்டி வந்தது. கூடத்தில் நான்கு மர பீரோ நிறையப் புத்தகம், பரண்மேல் சாக்கு மூட்டைகள். மொத்தத்தையும் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, அப்பா பெயரில் தனி அலமாரி வைக்கச் சொல்லலாம் என்பது அண்ணனின் ஆசை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

நூலகத்தில் முதலில் கேட்டது பட்டியல். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, புத்தகம் எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரம். அண்ணன் பையனும் நானும் உட்கார்ந்து எழுதினோம். பட்டியலைப் பார்த்துவிட்டு உதவி நூலகர் ஒருவர் நேரில் வந்தார். அப்பா கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டி வைத்திருந்த அகராதிகள், சங்க இலக்கியப் பதிப்புகள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். "இதில் பெரும்பாலானவை எங்களிடம் மூணு நாலு பிரதி இருக்கு மேடம்" என்றார். அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது.

அப்புறம் பரணிலிருந்து மூட்டைகளை இறக்கினோம். பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தவை அவை. 1956, 1968 மகாமகத்துக்கு அச்சடித்த நோட்டீஸ்கள், நாடக விளம்பரத் தாள்கள், மாநாட்டு மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கைகள், தேர்தல் துண்டறிக்கைகள், சில சிறுபத்திரிகை இதழ்கள். உதவி நூலகர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதுகூட எழுந்திருக்கவில்லை. அச்சான புத்தகம் எங்கேயாவது இன்னொரு நூலகத்தில் இருக்கும், இந்த நோட்டீஸை அச்சடித்தவரே வைத்திருக்க மாட்டார் என்று அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா பற்றியும் அவர்தான் விளக்கினார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான முத்தையா, புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் என்று எதையும் விடாமல் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகவில்லை. தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்ததால்தான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இந்தச் செய்தியைக் கேட்டதும் அண்ணனின் வாட்டம் போய்விட்டது.

தனி அலமாரி கிடைக்கவில்லை. புத்தகங்கள் பகுப்பெண்படி அந்தந்தப் பொருளோடுதான் போகும், அப்போதுதான் தேடி வருகிறவர் கைக்குக் கிடைக்கும் என்றார்கள். ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் அப்பா பெயர் போட்ட அன்பளிப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். நோட்டீஸ்களையும் மலர்களையும் மட்டும் பிரிக்காமல், அப்பா பெயரிலேயே ஒரே சேகரிப்பாக வைத்திருக்கிறார்கள். யார் சேர்த்தது, எந்த ஊரில் சேர்த்தது என்பது அவற்றுக்கு முக்கியமாம். எனக்கு இதில் முழுத் திருப்தி. உங்களில் யாராவது இப்படிக் கொடுத்திருந்தால் எழுதுங்களேன்.

ஓய்வுபெற்ற நூலகர்:

அம்மா, நீங்கள் பட்டியல் எழுதிக் கொடுத்தது பாதி வேலையை முடித்தது மாதிரி. பலர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து இறக்குவார்கள். வேண்டாம் என்றால் மனம் நொந்துபோவார்கள். நாங்கள் ஏன் தயங்குகிறோம் என்று சொல்கிறேன்.

பதிவேட்டில் எண் போட்டு முத்திரை குத்திவிட்டால் அந்தப் புத்தகம் நிறுவனத்தின் சொத்து. இருப்புச் சரிபார்ப்பில் அது இல்லையென்றால் நூலகர் பதில் சொல்ல வேண்டும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், ஓராண்டில் வாசகர் எடுத்துப் பயன்படுத்தும் 1,000 நூல்களுக்கு 5 நூல் தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன. அதற்கு மேல் போனால் விசாரணைதான். யாரும் தொடாத பத்தாவது பிரதிக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

அடுத்தது பூச்சி. கரையானும் இராமபாணமும் ஒரு பெட்டியில் வந்தால் அடுக்கு முழுக்கப் பரவும். அதனால் வந்த புத்தகங்களைக் கொஞ்ச காலம் தனி அறையில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவோம். மரக்கூழ்க் காகிதத்தில் அச்சான பழைய நூல்கள் அமிலத்தால் பழுப்பேறி, தொட்டாலே ஒடியும். அவற்றுக்கு அமில நீக்கம், மின்வருடல் (ஸ்கேன் செய்வது) எல்லாம் தேவை. இதற்கெல்லாம் ஆள் வேண்டும், பணமும் வேண்டும். பெரிய சேகரிப்பைக் கொடுப்பவர்கள், முடிந்தால் அதைச் செப்பனிட ஒரு தொகையையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அருமையான சேகரிப்புகள் பிரிக்காத அட்டைப்பெட்டியிலேயே ஆண்டுக்கணக்கில் கிடப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

முன்னாள் மாணவர், மதுரை:

எங்கள் அனுபவம் பணம் கொடுத்தது பற்றி. எங்கள் பேராசிரியர் நினைவாக, படித்த துறையின் நூலகத்துக்கு அறக்கட்டளை வைத்தோம். மூலத்தொகையை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிட்டு, ஆண்டு வட்டியில் நூல் வாங்குவது என்ற ஏற்பாடு. அப்போது அலுவலகத்தில் பழைய அறக்கட்டளைகளின் பட்டியலைக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் பெரிய தொகையாக இருந்த 10,000 ரூபாய்க்கு இன்று 7 சதவீத வட்டி கிடைத்தாலும் ஆண்டுக்கு 700 ரூபாய்தான். நல்ல ஆய்வுநூல் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. அதனால் வட்டியில் ஒரு பங்கை ஆண்டுதோறும் மூலத்தொகையோடு சேர்க்க வேண்டும் என்று ஆவணத்தில் எழுதச் சொன்னோம்.

இன்னொன்று, நிபந்தனையை ரொம்ப இறுக்கி எழுதாதீர்கள். நுண்படச்சுருள் (மைக்ரோஃபிலிம்) வாங்குவதற்கு மட்டும் என்று அன்று எழுதியிருந்தால் இன்று அந்தப் பணத்தை வைத்து என்ன செய்வார்கள்? 'நூல்களும் வாசகருக்குத் தேவையான பிற ஆதாரங்களும்' என்று நாங்கள் எழுதினோம்.

நம் ஊரில் இதற்கு எஸ். ஆர். இரங்கநாதனைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1950களில் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை அதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அதில்தான் மனைவி சாரதாவின் பெயரும் சேர்ந்த நூலக அறிவியல் பேராசிரியர் பதவி உருவானது. கட்டடத்துக்கோ கல்வெட்டுக்கோ கொடுக்காமல், கற்பிக்கிற ஓர் ஆளுக்காகக் கொடுத்தார். எனக்கு அது பெரிய செயலாகத் தெரிகிறது.

கும்பகோணம் வாசகி:

நூலகர் ஐயா, நீங்கள் எழுதியதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். நோட்டீஸ்களை மின்வருடல் செய்ய ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வரி பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: வருமான வரிக் கழிவு பணமாகக் கொடுப்பதற்குத்தான், புத்தகமாகக் கொடுப்பதற்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கழிவு வராது, காசோலையிலோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள். நீங்கள் கொடுக்கும் நிறுவனத்துக்கு, நன்கொடைக்கு வரிக் கழிவு பெற உதவும் சான்று இருக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நூலகம் எடுக்காத அகராதிகளும் பதிப்புகளும் வீணாகவில்லை. அன்பளிப்புக் கடிதத்திலேயே, தேவைப்படாதவற்றை வேறு நூலகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தோம். அதன்படி இரண்டு கிராமப்புறக் கல்லூரிகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒரு கல்லூரியில் தமிழ் முதுகலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறதாம்.