வளைத்த இடத்தில் ஏன் வெடிக்கிறது? ஷீட் மெட்டல் மெஷின்காரர்கள் பகிர்ந்தவை

பெண்டிங் மெஷினில் இருப்பவர்:

அலுமினியம் பிராக்கெட் ஆர்டர் ஒன்று வந்தது. 3 மி.மீ. தடிமன், எல்லாம் ஒரே ஷீட்டில் வெட்டியவை. பாதி பீஸ் சொன்னபடி வளைகிறது. மீதிப் பாதியில் வளைவின் வெளிப்பக்கம் முதலில் மயிரிழை போலக் கோடு விழுகிறது, அப்புறம் வாயைப் பிளக்கிறது. சூப்பர்வைசர் வந்து மேலிருந்து அழுத்தும் பஞ்சின் நுனியைத் தடவிப் பார்த்தார், அடியில் பள்ளமாக இருக்கும் டையைத் துடைக்கச் சொன்னார், வேகத்தைக் குறைக்கச் சொன்னார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் பழி என் பெடல் மிதிக்கும் காலுக்கு வந்து சேர்ந்தது.

நல்ல பீஸ் ஒன்றையும் வெடித்த பீஸ் ஒன்றையும் ஜோடியாக வைத்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். ஷீட்டின் மேல் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும், கவனித்திருப்பீர்கள். நல்ல பீஸில் அவை வளைவுக்குக் குறுக்கே போகின்றன. வெடித்ததில் வளைவோடு சேர்ந்தே ஓடுகின்றன. விஷயம் அங்கே இருந்தது. ஆலையில் ஷீட்டை உருட்டி எடுக்கும்போது உலோகத்தின் க்ரெயின், அதாவது உள்ளே இருக்கும் மணிகள், அந்தத் திசையிலேயே நீண்டுவிடும். அதற்குக் குறுக்கே வளைத்தால் தாங்கும், அதன் போக்கிலேயே வளைத்தால் பிரிந்துகொள்ளும். ஷீட் மிச்சம் பிடிக்க நெஸ்டிங்கில் (ஒரே ஷீட்டில் பீஸ்களை நெருக்கி அடுக்குவது) பாதி பீஸை 90 டிகிரி திருப்பிப் போட்டிருந்தார்கள்.

எம்.எஸ். (சாதா ஸ்டீல்) ஷீட்டில் இது பெரும்பாலும் தெரியாது, மன்னித்துவிடும். அலுமினியத்திலும் 5052 ரகம் நன்றாகவே வளையும். கடினப்படுத்திய 6061 டி6 வந்தால்தான் வம்பு. அன்று வந்தது அதுதான். மீதி பீஸ்களை வி வடிவப் பள்ளம் அகலமாக இருக்கும் டையில், பெரிய ரேடியஸ் பஞ்ச் போட்டு வளைக்கலாம் என்று சொன்னேன். ஆனால் ரேடியஸ் மாறினால், வளைக்கும் முன் வெட்ட வேண்டிய ஃபிளாட் அளவும் மாறும். அதனால் டிராயிங் ஆட்களைக் கேட்காமல் கை வைக்க முடியாது. கடைசியில் திருப்பிப் போட்டவற்றை ஸ்கிராப்பில் தள்ளிவிட்டு மறுபடி வெட்டினார்கள். மிச்சம் பிடித்த ஷீட் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

லேசர் கட்டிங்கில் இருப்பவர்:

அண்ணே, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இந்தப் பழி எங்கள் தலையில்தான் விழும். நெஸ்டிங் சாஃப்ட்வேரில் பீஸைத் திருப்பாமல் பூட்டி வைக்க வசதி இருக்கிறது. ஆனால் க்ரெயின் திசை என்று டிராயிங்கில் ஒரு அம்புக்குறி போட்டால்தானே பூட்டுவோம்? அதைப் போடவே மாட்டார்கள்.

என் பக்கத்துக் கதை ஒன்று. பவுடர் கோட்டிங் முடிந்து போன எம்.எஸ். பேனல்கள் திரும்பி வந்தன. நடுவில் பெயின்ட் கல் மாதிரி நிற்கிறது, ஓரத்தில் மட்டும் நகத்தால் கீறினாலே பட்டையாக உரிகிறது. கோட்டிங் ஆட்கள் ஷீட் கழுவியதைச் சந்தேகப்பட்டார்கள், பவுடரைச் சந்தேகப்பட்டார்கள். உண்மையில் அது ஆக்சிஜன் போட்டு வெட்டிய ஓரம். ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து எரிந்துதான் வெட்டுகிறது, அதனால் வெட்டு முகத்தில் ஆக்சைடு படலம் ஒன்று படிந்துவிடும். பெயின்ட் பிடித்துக்கொள்வது இரும்பையல்ல, அந்தப் படலத்தை. படலம் கழன்றால் பெயின்ட்டும் கூடவே வந்துவிடும். நைட்ரஜனில் வெட்டினால் ஓரம் வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். காஸ் செலவு கூடும் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியென்றால் ஓரத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும், வேறு வழியில்லை.

டரட் பஞ்சில் இருப்பவர்:

ஷீட்டில் ஓட்டை அடிக்கும் மெஷின் என்னுடையது. அது எனக்குப் பேசுவது காதில்தான். டூல் கூராக இருக்கும்போது அடி சுருக்கமாக விழும். மழுங்க ஆரம்பித்தால் சத்தம் கனத்துவிடும், ஓட்டையின் அடியில் பர் (கூரான பிசிறு) எழும்பும். நுனி கால் மில்லி உருண்டுவிட்டால் கழற்றித் தீட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அப்புறம் நிறையத் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும், டூலின் ஆயுள் அங்கேயே போய்விடும். ஓட்டையிலிருந்து வெட்டுப்பட்ட துண்டு (ஸ்லக்) பஞ்சோடு ஒட்டி மேலே ஏறி வந்து ஷீட்டில் விழுந்தால் அடுத்த அடியில் பள்ளம் பதியும். மினுமினுப்பான எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ்) ஷீட்டில் அது நடந்தால் பேச்சே கிடையாது.

புதிதாகச் சேர்ந்தவர்:

பெண்டிங்கில் ஹெல்ப்பராக இருக்கிறேன் அண்ணா. காலையில் சரியாக வந்த 90 டிகிரி, மதியம் புது ஷீட் போட்டதும் 91, 92 என்று வருகிறது. புரோகிராமை யாரும் தொடவில்லை. மெஷினில் கோளாறா?

பெண்டிங் மெஷினில் இருப்பவர்:

தம்பி, முதலில் மைக்ரோமீட்டரை எடு. 2 மி.மீ. என்று எழுதியிருக்கும், அளந்தால் 1.9 இருக்கும். பஞ்ச் இறங்கி நிற்கும் இடம் மாறாது. ஷீட் மெலிந்தால் கோணம் விரியும், தடித்தால் மூடிக்கொள்ளும். தடிமனைக் குறிக்கும் கேஜ் நம்பரைச் சொல்லி ஷீட் கொடுத்தால் இன்னும் உஷாராக இரு. அமெரிக்க அட்டவணையில் 16 கேஜ் என்றால் சாதா ஸ்டீல் 1.52 மி.மீ., ஸ்டெயின்லெஸ் 1.59, அலுமினியம் 1.29. நம்பர் ஒன்றே, தடிமன் மூன்று. தடிமன் சரியாக இருந்தும் கோணம் விலகினால் ஷீட்டின் கடினம் மாறியிருக்கும், ஸ்பிரிங் பேக் (வளைத்தபின் ஷீட் கொஞ்சம் திரும்பி விரிவது) கூடியிருக்கும். எப்படியும் புது லாட் வந்தால் முதல் பீஸை வளைத்து அளக்காமல் அடுத்ததைத் தொடாதே.

டையைப் பொறுத்தவரை, வி அகலம் தடிமனைப் போல எட்டு மடங்கு என்று ஆரம்பி. 3 மி.மீ. எம்.எஸ். என்றால் வி24, அதாவது 24 மி.மீ. அகலப் பள்ளம். ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 25 டன் கேட்கும். கைக்குக் கிடைத்தது என்று வி16 போட்டால் 37 டன்னை நெருங்கும். டையில் பொறித்திருக்கும் தாங்கும் அளவைப் பார்க்காமல் மிதித்தால் டை பிளந்து துண்டு தெறிக்கும். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், நல்லவேளை யாருக்கும் படவில்லை.

இனி கையின் பாதுகாப்புக்கு வருகிறேன். பஞ்ச் நுனியில் விரல் நசுங்கும் என்று எல்லோரும் பயப்படுவார்கள், அது சரிதான். ஆனால் புதியவர்களை அடிக்கடி அடிப்பது ஷீட்டின் மறுமுனை. வளைக்கும்போது உன் பக்கம் இருக்கும் பெரிய தகடு சரேலென்று மேலே எழும்பும். முகத்தை அதன் பாதையில் வைக்காதே. கட்டைவிரலை ஷீட்டுக்கு மேலே போட்டுப் பிடிக்காதே, பஞ்சுக்கும் எழும்பும் தகடுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். உள்ளங்கையால் அடியிலிருந்து தாங்கினால் போதும். ரோலிங் மெஷினுக்கு அனுப்பினால் உருளை அருகே கையுறையோடு போகாதே, நுனி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

புதிதாகச் சேர்ந்தவர்:

அளந்தேன் அண்ணா, 1.88. இன்னொன்று, இரண்டு மீட்டர் பீஸில் இரு முனையும் சரியாக இருக்கிறது, நடுவில் மட்டும் விரிகிறது. அதுவும் ஷீட்டா?

பெண்டிங் மெஷினில் இருப்பவர்:

அது மெஷின். பாரம் ஏறும்போது மேல் பீம் நடுவில் மேலே வளையும், கீழ் பெட் நடுவில் தொய்யும்; பஞ்ச் அங்கே ஆழமாக இறங்காது. கிரௌனிங் (இந்த வளைவை ஈடுகட்ட நடுவைத் தூக்கும் அமைப்பு) இருந்தால் நடுவில் கொஞ்சம் ஏற்று. இல்லையென்றால் டைக்கு அடியில் நடுப்பகுதியில் மெல்லிய ஷிம் தகடு வைப்பார்கள். உன் ஆபரேட்டரைக் கேட்டுவிட்டு வை, நீயாகச் செய்யாதே.