மறு: 'மெலோட்ராமா' – இசையில் இதற்கு என்ன சொல்?

> 'மிகையுணர்ச்சி நாடகம்' ஏற்கெனவே இருக்கிறதே, போதாதா?

போதாது ஐயா. சினிமா விமர்சனத்துக்கு அது சரி. இங்கே பொருளே வேறு: இசையோடு சேர்த்துப் பேசும் முறை.

ரஷ்யாவில் பிறந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி 1966இல் இசைக்குழுவைத் தானே நடத்திப் பதிவுசெய்த தன் 'பெர்செஃபோன்' பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். 1934இல் பாரிஸ் ஓபராவில் அரங்கேறிய படைப்பு. பழைய செவ்வியல் வடிவங்களுக்கு அவர் திரும்பிய புதுச்செவ்வியல் காலத்தது. டெனர் (உச்சக்குரல் ஆண் பாடகர்) ஒருவர், கூட்டுப்பாடகர்கள், சிறுவர் குழு, முழு ஆர்க்கெஸ்ட்ரா. இத்தனை பேர் பாட, நாயகி பெர்செஃபோன் மட்டும் பாடுவதே இல்லை. பேசுகிறாள். முதல் மேடையில் ஈடா ரூபின்ஸ்டைன் அந்த வேடத்தைப் பேசி ஆடினார்; இந்தப் பதிவில் பேசும் வேரா ஜோரினாவும் நடனக் கலைஞர்தான். (ஆடவும் வேண்டும், பிரெஞ்சுக் கவிதையைப் பேசவும் வேண்டும் என்றால் ஆளுக்கு எங்கே போவது? அரிதாகவே மேடையேறுவதில் வியப்பில்லை.)

இசையோடு மாறி மாறியோ, இசை ஓட ஓட அதன் மேலோ பேசும் இந்த முறைக்குத்தான் மெலோட்ராமா என்று பெயர். 1770இல் சிந்தனையாளர் ரூசோவின் 'பிக்மாலியன்', 1775இல் இசையமைப்பாளர் பெண்டாவின் 'அரியாட்னே' என்று பழைய மரபு.

'பேச்சுப்பாட்டு' வேண்டாம். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1912இல் 'பியரோ லுனேர்'இல் பேச்சுக்கும் சுரம் குறித்துவைத்தாரே, அதற்கு அச்சொல்லை ஒதுக்கிவைப்போம். 'இசையுரை' என்றால் இசை பற்றிய சொற்பொழிவு என்றாகிவிடும். சிலம்பின் 'உரைப்பாட்டு மடை' மீது எனக்கு ஆசைதான். ஆனால் அது பாட்டுகளுக்கு நடுவே வரும் உரை, பாட்டோடு சேர்ந்து ஓடும் உரையன்று.

என் பரிந்துரை: இசையூடுரை. கடலைக்கு நடுவே துவரையை ஊடுபயிராக விதைக்கிறோம். ஒரே நிலம், ஒரே மழை. ஆனால் துவரை கடலையாகிவிடுவதில்லை. இங்கும் அப்படித்தான். 'பெர்செஃபோன்' கவிதையை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீத்துக்கு, பாடும் பகுதிகளில் தன் அசைகளை ஸ்ட்ராவின்ஸ்கி இஷ்டப்படி அறுத்தது பிடிக்கவில்லை. பெர்செஃபோன் பேசும் இடங்களிலோ கவிதை கவிதையாகவே நிற்கிறது.

---

> சொல் நன்று. ஆனால் 'ஊடுரை' என்றதும் ஊடல் நினைவுக்கு வருகிறதே?

வரட்டும் ஐயா. ழீத்துக்கும் ஸ்ட்ராவின்ஸ்கிக்கும் இடையே நடந்ததும் அதுதானே.