பள்ளமாக வெட்டிய எழுத்து திரையில் புடைத்து நின்றால்

முக்கோணவலை:
கோயில் அடித்தளத்தில் புடைத்து நிற்கும் குமுதப்படையில் ஓடும் சோழர் காலக் கல்வெட்டு. முப்பரிமாண மாதிரியாக்க 600 படம், வந்த வலையில் 1 கோடி முக்கோணம். கைபேசியில் ஓட வேண்டுமே என்று 3 லட்சமாகக் குறைத்து, வெட்டின் ஆழத்தை நார்மல் மேப்பில் (பரப்பின் சாய்வை நிறமாக எழுதிவைக்கும் படம்) ஏற்றியாயிற்று. கல்வெட்டு அறிஞரிடம் காட்டியதும் முதல் கேள்வி: “‘ப’வில் நிமிர்ந்த கோடு இரண்டும் பள்ளம். அடிக்கோடு மட்டும் ஏன் புடைச்சு நிக்குது?”

கோளாறு அந்த மேப்பின் பச்சை சேனலில், மேல்கீழ்ச் சாய்வு அதில்தான் இருக்கிறது. ஓப்பன்ஜிஎல் முறையில் (பச்சை மேல்நோக்கி) எடுத்த மேப், யூனிட்டி என்ற கேம் எஞ்சினுக்கு அப்படியே போகும். இன்னொரு எஞ்சினான அன்ரியலில் பச்சையைப் புரட்டாவிட்டால் மேல்கீழ் நிழல் தலைகீழாகிவிடும். கிடைக்கோடு மட்டுமே மாறுவதால், கரடுமுரடான கருங்கல்லில் நிரலாளர் கண்ணுக்கு எதுவும் உறுத்தாது.

மைப்படி:
படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரியில் (ஓசிஆர்) இதைவிடப் பெரிய வம்பு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், “நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்” கல்லிலே வெட்டச் சொன்ன வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். இன்றைய எழுத்தில் பழக்கிய கருவிக்கு “நா” வராது, “நர” என்றுதான் வரும்.

அதனால் தரவைப் பதியும்போது கண்ட வடிவம் ஓர் அடுக்கு, அறிஞரின் வாசிப்பு இன்னோர் அடுக்கு. சிதைந்த இடத்தை ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்பு. தரவைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த அடைப்பை நீக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. நீக்கிய மறுகணம் ஊகமும் கல்லில் இருப்பதும் ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது.

பக்கஒளி:
முக்கோணவலை சொல்வதில் பாதிதான் சரி. ஒரு கல்வெட்டை வாசிக்க 600 படம் எதற்கு? முழுக் கட்டடத்தை எழுப்ப அது வேண்டும். தேய்ந்த எழுத்துக்கு ஆர்டிஐ (ஒளித்திசையை மாற்றி மாற்றி எடுத்த படங்களை ஒன்றாக்கும் முறை) போதும்: கேமரா அசையாது, விளக்கு மட்டும் இடம் மாறும்.

முக்காலியை இறுக்குங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர், வெள்ளைச் சமன் எல்லாம் கையால் பூட்டியிருக்க வேண்டும். பளபளப்பான கறுப்பு உருண்டை இரண்டு, கல்லுக்குப் பக்கத்தில் தனித் தாங்கியில். கல்லில் பசை படவே கூடாது. படத்தில் உருண்டையின் குறுக்களவு 250 பிக்சலாவது வேண்டும். அதில் விழும் ஒளிப்பொட்டை வைத்துத்தான் விளக்கு எங்கே இருந்தது என்று மென்பொருள் கணக்குப் போடுகிறது. படமெடுக்கும் பரப்பின் குறுக்களவைப்போல் 3 அல்லது 4 மடங்கு நீளத்துக்கு ஒரு நூல். ஒவ்வொரு முறையும் நூலால் தூரம் பார்த்து, பார்த்ததும் நூலை விலக்கிவிட்டு, 15 முதல் 65 பாகை வரை சுற்றிச் சுற்றி 48 படம். மணலில் முக்காலியின் ஒரு கால் துளி இறங்கினாலும் அத்தனையும் மங்கிப்போகும். காலடியில் பலகை போடுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்லை முப்பரிமாணமாக்கினால் வலையில் ஓட்டை விழும், மினுக்கம் படத்துக்குப் படம் நகர்வதால். அந்த மினுக்கத்தை வெட்ட ஃபிளாஷில் ஒரு போலரைசர் (ஒளியை ஒரே தளத்தில் வடிகட்டும் தகடு), லென்சில் அதற்குக் குறுக்கே இன்னொன்று. சுண்ணாம்பு அடைத்த எழுத்துக்கு எந்த விளக்கும் உதவாது. அதைச் சுரண்டப் போகாதீர்கள், தொல்லியல் துறையின் அனுமதிபெற்ற வேதியியலாளர் வேலை அது.

குமுதவரி:
பக்கஒளி, விருத்த குமுதத்தில் (உருண்டையான குமுதம்) 48 படம் ஒரே தொகுதியாக எடுத்தால் பலிக்காது. உருண்ட பரப்பில் மேலிருந்து அடிக்கும் ஒளி கீழ்வரிக்கு இறங்காது. மேல், நடு, கீழ் என்று மூன்று தொகுதி, ஒவ்வொன்றுக்கும் கேமரா அந்தந்த வரிக்கு நேரே. பக்கத்து வரியும் பாதியாவது சட்டத்துக்குள் வரட்டும், சேர்க்கும்போது வரி தாவாது.