ஸ்லாப் போடும் முன் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைப்பது எப்படி?

கேள்வி: சைட் இன்ஜினியர், மேடவாக்கம்

கீழே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளமும் மேலே நாலு மாடியும் உள்ள அடுக்ககம். ஏழு வருடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். மூன்று மாதமாக முழு சைட்டும் என் பொறுப்பு. போன வாரம் இரண்டாவது மாடி ஸ்லாப். ராத்திரி பத்து மணி, ஆர்.எம்.சி. (ரெடிமிக்ஸ் கான்கிரீட்) வண்டி கேட்டில் நிற்கிறது. கடைசியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது, பாத்ரூம் பக்கத்து பீமில் 110 மி.மீ. பைப்பை நுழைக்க, நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கில் இரண்டை அறுத்து வைத்திருந்தார்கள். வெட்டிய முனை பளபளவென்று இருந்தது. கான்கிரீட் போடலாம் என்று ஒப்புதல் தரும் போர் கார்டில் (pour card) எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது. கையெழுத்துக்குப் பிறகு அறுத்திருக்கிறார்கள்.

வண்டியைத் திருப்பி அனுப்பி, ரிங்கை மாற்றிக் கட்டி, இரண்டு நாள் கழித்துப் போட்டோம். பிளம்பிங் ஆட்கள் கம்பி கட்டுபவர்களைச் சொன்னார்கள், அவர்கள் பலகை அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரியைச் சொன்னார்கள். நான் எல்லாரையும் சத்தம் போட்டேன். அன்றிலிருந்து யாரும் என்னிடம் எதையும் வந்து சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த ஸ்லாப்புக்கு 16 நாள் இருக்கிறது. இவர்களை எப்படி ஒன்றாக வேலை செய்ய வைப்பது?

பதில்: ஓய்வு பெற்ற பொறியாளர், அம்பத்தூர்

அம்மா, வண்டியைத் திருப்பியது சரி. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு என் சைட்டில் ஒரு விதி வைத்தேன்: சித்தாள் சொன்னாலும் வேலை நிற்கும், சொன்னவருக்கு அன்றைய கூலி குறையாது.

தினமும் காலையில் பத்து நிமிடம் நின்றுகொண்டே பேசுங்கள். ‘நாளைக்கு இதை முடி’ என்று சொல்லாமல், ‘அடுத்த வார வேலைக்கு உங்களுக்கு என்ன தடை?’ என்று ஒவ்வொரு மேஸ்திரியையும் கேளுங்கள். அமெரிக்காவில் கிளென் பாலார்டும் கிரெக் ஹவலும் 1990களில் உருவாக்கிய, வேலையை நடத்துபவர்களே சேர்ந்து திட்டம் போடும் லாஸ்ட் பிளானர் முறையின் உயிரே இந்தக் கேள்விதான். தடையை நீக்குவது உங்கள் வேலை. இரண்டு முறை நீக்கிக் காட்டினால் மூன்றாவது முறை அவர்களே வந்து சொல்வார்கள்.

பதில்: பிளம்பிங் கான்ட்ராக்டர், வேளச்சேரி

மேடம், பையன்கள் ஏன் அறுக்கிறார்கள் என்று சொல்கிறேன். கம்பி கட்டி முடித்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு போன் வரும்: ‘ராத்திரி கான்கிரீட், வந்து ஸ்லீவ் வச்சிடு.’ ஸ்லீவ் என்றால் பைப் போக வழிவிட்டு வைக்கும் குழாய். அந்த பீமில் கை நுழையக்கூட இடம் இருக்காது. வைக்காமல் விட்டால், பிறகு கான்கிரீட்டில் துளை போடும் கோர் கட்டிங் செலவு எங்கள் தலையில். அறுப்பது தப்புதான், நான் மறுக்கவில்லை. பலகை அடித்த அன்றைக்கே கூப்பிடுங்கள். சாக்பீஸில் குறி போட்டுவிடுகிறோம். டிசைனர் சரி என்றால் கம்பிக்காரர் ரிங்கைத் தள்ளிக் கட்டி, சொன்ன இடத்தில் கூடுதல் கம்பி கொடுப்பார்.

அப்புறம் பில். மூன்று மாதம் காசு வராத ஆளை மீட்டிங்குக்குக் கூப்பிட்டால் மனசு எங்கே வரும்?

பதில்: பில்லிங் இன்ஜினியர்

அண்ணன் சொல்வது ரொம்ப முக்கியம். பிரிட்டனில் 1994இல் வந்த லாத்தம் அறிக்கை, கட்டுமானத்தில் எல்லாரும் ஒரே அணியாக வேலை செய்வதைப் பற்றிப் பேசியபோதே, பணம் ஒழுங்காகக் கைக்கு வருவதையும் சேர்த்துப் பேசியது. 1996இல் சட்டமும் வந்தது. ‘எனக்கு மேலிருந்து வந்தால்தான் உனக்கு’ என்று சப் கான்ட்ராக்டரிடம் சொல்ல அங்கே பொதுவாக முடியாது. உங்கள் சைட்டில் பில் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர், ஒன்பது நாள் கழித்து

எல்லாருக்கும் நன்றி. நேற்று பலகை அடித்து முடித்ததும், கம்பி ஏறும் முன்பு எல்லாரையும் மேலே வரச் சொன்னேன். முதலில் நானே பேசினேன்: போன ஸ்லாப்புக்கு பிளம்பிங் டிராயிங்கைத் தாமதமாகக் கொடுத்தது என் தப்பு. கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் கம்பி கட்டும் ஒடிசாக்காரர், சூப்பர்வைசரிடம் ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார்: அன்றைக்கு அறுத்ததை அவர் பார்த்திருக்கிறார். சொன்னால் நான் அவர் கூலியைப் பிடித்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிடிக்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

பிளம்பர் சாக்பீஸ் வாங்கி ஏழு வட்டம் போட்டார். இரண்டு வட்டம் பீமில் விழுகிறது. கம்பிக்காரரே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அளவோடு போட்டோ எடுத்து டிசைனருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் பதில் வந்த பிறகுதான் அந்த இரண்டு பீமிலும் கம்பி ஏறும். பிளம்பரின் பழைய பில்லை இன்று நானே எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன்.