வழுக்காமையா, வழாநிலையா?

மொழிபெயர்ப்பவர்:
அனைவருக்கும் வணக்கம். நீர், காற்று போன்ற பாய்மங்களின் கொந்தளிப்பு ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது பற்றிய பாடக்குறிப்பைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மாணவர் கையில் இருக்க வேண்டும். பாய்ம இயக்கத்துக்கு அடிப்படையான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுவரை சிக்கலில்லை. கணக்கிடும் பகுதியின் ஓரங்களில் வேகமும் அழுத்தமும் எப்படி இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டுமே, அங்கேதான் நிற்கிறேன். ‘எல்லை நிபந்தனை’ என்றே வைத்துக்கொள்ளலாமா? இன்னொன்று: சுவரைத் தொடும் பாய்மம் சுவரின் வேகத்தையே பெறும், அதன்மேல் வழுக்கிப் போகாது. இதற்கு ‘வழுக்காமை’ என்று எழுதியிருக்கிறேன். மனம் முழுதும் ஒப்பவில்லை.

தமிழாசிரியர்:
நிபந்தனை வடசொல் என்பதை விடுங்கள். ஒருவர் விதித்து இன்னொருவர் ஏற்பதுதான் நிபந்தனை. சுவரும் நீரும் அப்படியா பேசிக்கொள்கின்றன? ‘எல்லை’யும் எனக்கு உறுத்துகிறது. ‘எல்லே இலக்கம்’ என்பது தொல்காப்பியம். எல் என்றால் ஒளி. சங்கப் பாடல்களில் எல்லை பகலையும் ஞாயிற்றையும் குறிக்கும். பகல் முடியும் இடம் என்பதிலிருந்து முடிவிடம் என்ற பொருள் வந்திருக்கும் என்பது என் ஊகம். ‘வரம்பு’ அப்படியில்லை. நீருக்குக் கட்டிய கரை அது, வலித்தால் வரப்பு. பாய்மத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது? ‘வரம்புநிலை’ என்போம்.

வழுக்காமைக்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: வழாநிலை. வழுவுதல் என்பது முதலில் நழுவுதல்தான், தவறுதல் என்ற பொருள் பிறகு வந்தது. வழு, வழாநிலை, வழுவமைதி என்று பள்ளியிலேயே படித்த சொல்லை ஏன் வெளியே தேட வேண்டும்?

பொறியாளர்:
ஐயா, வழாநிலையைப் படித்ததும் மகிழ்ந்துபோனேன். ஆனால் வரம்பை ஏற்க முடியவில்லை. வரம்பு தடுக்கும். எங்கள் கணக்கில் சுவர் மட்டும்தான் தடுக்கிறது. மற்ற ஓரங்கள் திறந்தவை, தொல்லையெல்லாம் அங்கேதான்.

பாய்மம் உள்ளே வரும் முகப்பில் சராசரி வேகத்தை மட்டும் கொடுத்தால் போதாது, கொந்தளிப்பையும் சேர்த்து ஊட்ட வேண்டும். தற்போக்கான எண்களைத் தூவினால் சிறிது தூரத்திலேயே அவை அடங்கிவிடும், ஏனென்றால் சுழிகளுக்கு இடையே இருக்கும் உறவு அந்த எண்களில் இல்லை. அதனால் வேறொரு கணக்கை ஓட்டி, அதன் குறுக்குவெட்டு வேகங்களை எடுத்து முகப்பில் ஊட்டுவதும் உண்டு. வெளியேறும் முகப்பில் நேர்மாறு: சுழி எதிரொலிக்காமல் வெளியே போக வேண்டும். இன்னொரு வகையில் ஒரு முனையில் வெளியேறுவது மறுமுனையில் நுழைகிறது. கிம், மோய்ன், மோசர் என்ற ஆய்வாளர் மூவரும் 1987இல் வெளியிட்ட கால்வாய் ஓட்டக் கணக்கு அப்படித்தான். அங்கே எதை வரம்பு என்பது?

நிபந்தனை போடுவது சுவர் அல்ல, கணக்குப் போடும் நாம். நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக்கு எத்தனையோ தீர்வுகள், இன்னது வேண்டும் என்று சொல்வது நாம்தான். அதனால் அந்தச் சொல் சரியாகவே இருக்கிறது. எனக்குள்ள ஒரே தயக்கம், கணிதப் பாடநூலில் எல்லை என்றால் வேறு பொருள், ‘எல்லைகளும் தொடர்ச்சியும்’ என்கிறோமே அது, ஒரு சார்பு நெருங்கிச் செல்லும் மதிப்பு. ஆனாலும் இடம் பார்த்துப் பொருள் கொள்ள மாணவருக்குத் தெரியும்.

வழாநிலைக்கு வருகிறேன். ‘நிலை’ என்றதும் வேகம் பூச்சியம் என்று மாணவர் எடுத்துக்கொள்வார். சுவரே நகர்ந்தால் அதை ஒட்டிய பாய்மமும் அதே வேகத்தில் நகரும். அதனால் ‘ஒட்டு நிபந்தனை’ எப்படி?

தமிழாசிரியர்:
ஒட்டு! உடன்படுவதும் பந்தயம் கட்டுவதும் பழைய வழக்கில் ஒட்டுதல்தான். அப்படியானால் நிபந்தனைக்கே ‘ஒட்டு’ போதுமே, ‘எல்லையொட்டு’! ஆனால் வழுக்காமைக்கு அதை வைத்தால் பசைபோல ஒட்டிக்கொள்கிறது என்று ஆகிவிடும்.

பொறியாளர்:
எல்லையொட்டு என்றால் எல்லையை ஒட்டிய பகுதி என்றுதான் படிப்பார்கள், ஐயா. 1904இல் பிராண்ட்டில் சொன்ன எல்லைப் படலத்தோடு, அதாவது சுவரை ஒட்டிய மெல்லிய பாய்ம அடுக்கோடு, குழம்பும். அப்புறம் இன்னொன்று: சுவர்வரை கணக்கிடும் புள்ளிகளின் வலையை நெருக்கமாகப் பின்ன முடியாதபோது, சுவரிலிருந்து உள்ள தூரத்தின் மடக்கையைப் பொறுத்து வேகம் கூடும் என்ற மடக்கை விதியைக் கொண்டு சுவரின் இழுவையை மதிப்பிட்டுக் கொடுக்கிறோம். அப்போது சுவருக்கு அடுத்த முதல் வலைப்புள்ளியில் பாய்மம் வேகத்தோடுதான் இருக்கும். ‘வழுக்காமை’ என்பது எந்த இடத்தில் என்று குறிப்பில் தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஒன்றில் சொல்லைவிட விளக்கம் முக்கியம்.

மொழிபெயர்ப்பவர்:
இருவருக்கும் நன்றி. ‘எல்லை நிபந்தனை’ இருக்கட்டும். ‘வழுக்காமை நிபந்தனை’ என்றே எழுதுகிறேன். எனக்குத் தனியாக எழுதியவர்களில் மூவர் அதையே கேட்டிருக்கிறார்கள். கொந்தளிப்பு ஓட்டத்துக்குப் பாடநூலில் உள்ள ‘சுழற்சி ஓட்டம்’ வேண்டாமா என்றும் ஒருவர் கேட்டார். கொந்தளிப்பில்லாத சீரான ஓட்டத்திலும் உருளைக்குப் பின்னால் சுழிகள் வரிசையாக வருமே, அதனால் கொந்தளிப்பை மாற்றவில்லை. நுழையும் முகப்புக்கும் வெளியேறும் முகப்புக்கும் ‘உள்வாய்’, ‘வெளிவாய்’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். நாளை இரவுக்குள் யாராவது நல்லது சொன்னால் மாற்றிவிடுவேன்.

தமிழாசிரியர்:
பாடம் போகட்டும், மாணவர் காத்திருக்கக் கூடாது. வழாநிலையை மட்டும் நான் கைவிடவில்லை. நகரும் சுவரை விட்டு நீர் வழுவாமல் உடன் செல்வதும் வழாநிலைதான். ‘வெளிவாய்’க்கு ‘போக்குவாய்’ என்று வைக்கலாம். காலையில் விரிவாக எழுதுகிறேன்.